மட்டக்களப்பில் வம்பயரையும் கேளுங்கள்

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பல் என்றாலே எல்லாரும் இரண்டாம் உலகப்போரில் போன பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மிஸைத்தான் விசாரிக்கிறார்கள். அதே நாள் அதே கடலில் மூழ்கிய வம்பயரை ஒருவரும் கேட்பதில்லை. எரிச்சலான விஷயம், சண்டை அனுபவம் அதற்குத்தான் கூட.

1917இல் கடலில் இறக்கிய நாசகாரிப் போர்க்கப்பல் அது. 1933இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. மத்தியதரைக் கடலில் இதையும் கூட ஓடிய மற்றக் கிழட்டு ஆஸ்திரேலிய நாசகாரிகளையும் பழைய இரும்பு என்று நாஜிப் பிரசார அமைச்சர் கோயபெல்ஸ் நக்கலடிக்க, மாலுமிகள் அதையே பட்டப்பெயராக்கிக் கொண்டார்கள். 1941 டிசம்பர் 10, மலாயாக் கரைக்கு அப்பால் றிப்பல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மூழ்கியபோது தண்ணீரில் கிடந்த 200க்கு மேற்பட்டவர்களைத் தூக்கி ஏற்றியது. அடுத்த மாதம் அதே மலாயாவின் எண்டாவ் கரையில் நடந்த இரவுச் சண்டையில் கூடப்போன தானெற் என்ற நாசகாரி மூழ்கியது, வம்பயர் தப்பியது.

1942 ஏப்ரல் 9 அன்று தப்பவில்லை. தாக்குதல் வருமென்று முதல்நாள் இரவே இரண்டு கப்பலும் திருகோணமலையை விட்டு வெளிக்கிட்டிருந்தன. விமானந்தாங்கி என்று பெயர், ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில். ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாய்ச் சரிந்து வந்தன. வம்பயரின் பெரிய பீரங்கிகளோ 30 பாகைக்கு மேல் நிமிராது! கப்பலோடு கப்பல் மோதிய காலத்துச் சாமான், தலைக்கு மேலே வருவதை அடிக்கச் செய்ததல்ல. கப்பல் இரண்டாய் முறிந்தது. அதன் தலைவர் கொமாண்டர் மொரன் திரும்பவில்லை. ஆனாலும் வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் நின்றதால் இரண்டு கப்பலிலும் அறுநூறு பேர்வரை பிழைத்தார்கள்.

அந்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இனிக் காசுக் கதை. கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயில்தான் மலிவு. ஸ்டேஷனில் ஓட்டோவுக்கு விலை பேசாமல் ஏறினால் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போய்ச் சேருமுன் இரண்டு நேரச் சாப்பாட்டுக் காசு போய்விடும். "கப்பலுக்கு மேலே கொண்டுபோய்க் காட்டுறன்" என்று வள்ளத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். ஹெர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே, மேலே நின்றால் தெரிவது நீலத் தண்ணீர் மட்டும்.

பொழுதுபோக்குச் சுழியோடிச் சான்றிதழும் அங்கே உதவாது, அதன் உச்ச எல்லையே 40 மீற்றர். அந்த ஆழத்தில் வெறும் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் தலைக்கேறி மயக்கும். சில நிமிடம் கூட நின்றாலே ஏறும்போது இடையிடையே தரித்துத் தரித்துத்தான் வரவேண்டும், அவசரப்பட்டால் மூட்டுக்குள் வாயுக்குமிழி. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. மாரியில் கனவிலும் வேண்டாம்.

வள்ளக் காசை மிச்சம்பிடித்து நண்டுக் கறியும் சட்டி எருமைத் தயிரும் சாப்பிடுங்கள். அந்தத் தயிருக்கு மட்டுமே இன்னொரு தடவை இரவு ரயில் ஏறலாம்.