நாண் பேசிய நாள்

போன கோடையில் நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்குப் போய் வந்ததிலிருந்து என் மகளுக்கு ஒரே பேச்சு: "எனக்கு ஒரு வில் வேணும்." அங்கே சுடலைமாடன் கோயிலில் அப்பா வில்லுப்பாட்டுக்குக் குடம் அடித்த காலத்து வில் 10 அடி நீளம், பனை வைரத்தில் செய்தது. தாராவியில் எங்கள் அறையே 12 அடிதான். 5 அடியில் செய்துவிடலாம் என்று இறங்கினேன். 9 வயதுக் கைக்கு அது போதும்.

பனைக்கு இங்கே எங்கே போக? மூங்கில் கடையில் கல்மூங்கிலாகப் பார்த்து எடுத்தேன். உள்ளே ஓட்டை இருந்தால் வளைக்கும்போது நசுங்கிவிடும். ஈரத்துணி சுற்றி, கேஸ் அடுப்பில் காட்டிக் காட்டி வளைத்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வில்லின் தண்டான வில்கதிர் தயார்.

நாண்தான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது.

தாராவியில் தோலுக்கா பஞ்சம்? பக்கத்துச் சந்தில் பை தைக்கும் அண்ணாச்சி மிச்சத் தோலை நீளமாக வெட்டிக் கொடுத்தார். கட்டி, நாணைத் தட்டும் குச்சியான வீசுகோலால் அடித்தால் 'தொப்' என்றது. வில்லில் கட்டிய மணி ஒன்றுகூட அசையவில்லை. இழுத்துக் கட்டினால் அதுவும் கூடவே நீண்டது. விடிந்து பார்த்தால் துணிக்கொடி மாதிரி தொங்குகிறது. அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"ஏட்டி, பதம் போட்ட தோலு செருப்புக்கும் பைக்கும்தான் ஆகும். பச்சைத்தோல் வாரா பாரு."

பச்சைத்தோல் வார் தபலா செய்பவரிடம் கிடைத்தது. 2 வாரை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றாக முறுக்கி, ஈரத்தோடு வில்லில் விறைப்பாக ஏற்றினேன். தவறு. பச்சைத்தோல் காயக் காயச் சுருங்கும். இரண்டாம் நாள் மத்தியானம் 'படார்' என்று சத்தம். மூங்கிலின் நுனி விரலளவுக்குப் பிளந்திருந்தது. மகள் அழுதேவிட்டாள்.

அடுத்த கதிருக்கு நுனியைச் செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றினேன். முறுக்கிய வாரை ஜன்னல் கம்பியில் கட்டி, அடியில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, பாதி காய்ந்த பிறகே வில்லில் ஏற்றினேன், கொஞ்சம் தொய்வாக. மீதி இழுப்பைத் தோலே பார்த்துக்கொண்டது. மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டு மறுபடி தளரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்போது அடுப்படியில்தான் வில்லுக்கு இடம்.

குடத்துக்குக் கும்பார்வாடா நடக்கிற தூரம்தான். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றும் இடம். கழுத்து தடித்த பானை வேண்டும், மேலே வில் உட்காரும் என்று கையை வளைத்துக் காட்டினேன். அந்த அக்கா ஐந்தாறு பானைகளைச் சுண்டிப் பார்த்து ஒன்றைத் தந்தார். வைக்கோலுக்குப் பதில் பழைய சேலையை முறுக்கி, குடம் உட்காரப் புரிமணை.

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வில்லு என்று இங்கேயும் ஒருவர் கேட்டார். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சிறுமியாக இருக்கும்போதே வில்லடிக்கத் தொடங்கியவர், 2018-ல் காலமானார். அவர் படத்தை மகளுக்குக் காட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி வில்லைக் குடத்தின் கழுத்தில் வைத்துக் கட்டினோம். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கேட்கச் சொன்னேன். மகள் வீசுகோலை ஓங்கி நாணில் ஒரு அடி. குடம் உள்ளே அதிர, மணிகள் கலகலவென்று குலுங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எத்தன மணி கட்டிருக்க?"

"அஞ்சுப்பா."

"நாலுதான கேக்கு."

போய்ப் பார்த்தேன். இடது ஓரத்து மணி, கயிறு குட்டையாகி மூங்கிலோடு ஒட்டிக் கிடந்தது. அவிழ்த்து ஒரு விரற்கடை இறக்கிக் கட்டினேன்.

"ம்ம். இப்ப அடிக்கச் சொல்லு."