போரும் மகிழ்ச்சிக் கணக்கும்: வேலூரிலிருந்து பார்த்தால்

லாங்கு பஜார் மணிக்கூண்டைக் கடக்காமல் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எவனும் பெரியவன் ஆகியிருக்க முடியாது. அதில் பதித்த கல்லில் ஆங்கிலத்தில் இரண்டே எண்கள்: 1914–18 பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர். 1806 ஜூலை 10 என்று கோட்டைப் புரட்சியின் தேதியை வாத்தியார் கேட்டதும் ஒப்பித்தோம். இந்தக் கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமும் படிக்கவில்லை. திரும்பி வந்த 263 பேர் எப்படி வந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள் அந்த நான்கு ஆண்டும் என்ன விலைக்கு அரிசி வாங்கினார்கள் என்பதற்குக் கல்லில் இடமில்லை. ஒரு நாட்டின் மகிழ்ச்சியைப் போர் எவ்வளவு குறைக்கிறது என்று இன்று வெளியாகும் எண்களிலும் இதே ஓட்டைதான்.

முதலில் ஒரு சங்கடமான உண்மை. போரால் நம் வட்டாரத்தில் சிலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் தேவைப்பட்டது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய அந்தத் தோலுக்கு வியாபாரத்தில் ‘கிப்ஸ்’ என்று பெயர். 1916-இல் அதை வாங்கும் பொறுப்பை அரசே எடுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கத்துத் தோல் மண்டிகளுக்கு அது நல்ல காலம். அதே ஆண்டுகளில் துணி, மண்ணெண்ணெய், தானியம் எல்லாம் விலை ஏறி, 1918 செப்டம்பரில் மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. பின்னாலேயே விஷக்காய்ச்சல். போர் முடிந்து ராணுவம் வாங்குவதை நிறுத்தியதும் தோல் விலையும் விழுந்தது. அன்று யாராவது இவ்வட்டாரத்தில் மகிழ்ச்சியை அளந்து சராசரி எடுத்திருந்தால், மண்டிக்காரரின் ஏற்றமும் நெசவாளியின் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, எதுவுமே நடக்காதது போல ஒரு எண் வந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போர் வேறு வழியில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே மூட்டை கட்டி உள்நாட்டு ஊர்களுக்கு ரயிலேறியது. பிறகு ரேஷன். குண்டு விழாத ஊருக்கும் போர் அரிசிப் பானை வழியாக வந்து சேர்ந்தது.

இப்போது அளக்கும் முறைக்கு வருவோம். ஆண்டுதோறும் மார்ச்சில் ‘உலக மகிழ்ச்சி அறிக்கை’ வந்ததும் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் கேலி தொடங்கிவிடும். 2024 பட்டியலில் 143 நாடுகள். பின்லாந்து முதலிடம், இஸ்ரேல் 5, பாலஸ்தீனம் 103, உக்ரைன் 105, இந்தியா 126, கடைசியில் ஆப்கானிஸ்தான். ‘குண்டு விழுகிற நாட்டைவிட நாம் சோகமா?’ என்று கேட்டு நால்வர் சிரிக்கும் முகம் போடுவார்கள். அறிக்கை பொய் சொல்லவில்லை. அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேட்கப்படுவது ஒரே கேள்வி. ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965-இல் வெளியிட்ட முறை: ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடிப்படி 0, உச்சிப்படி 10, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்வு உச்சியில், மிக மோசமானது அடியில், இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1000 பேரிடம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், இதைக் கேட்கிறது. அறிக்கை மூன்று ஆண்டுப் பதில்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது.

போர்க்காலத்தில் இந்த மூன்றாண்டுச் சராசரிதான் பெரிய கண்கட்டு. ஒரே ஆண்டில் ஒரு நாட்டின் மதிப்பு 0.9 விழுந்தால், சராசரியில் தெரிவது 0.3 மட்டும். 2023-இல் இஸ்ரேலுக்கு நடந்தது இதுதான். அங்கே கேள்வி கேட்டது அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பிறகு; சரிவு பெரியது; ஆனால் முந்தைய இரண்டு நல்ல ஆண்டுகள் தாங்கிப் பிடித்ததால் நாடு ஐந்தாம் இடத்தில் நின்றது. பாலஸ்தீனத்தில் கேட்டதோ அந்த ஆண்டின் முற்பகுதியில், போருக்கு முன்பு. 103 என்பது காசா இடிபாடுகளின் எண் அல்ல. பட்டியலைப் பகிரும் முன் எந்த மாதம் கேட்டார்கள் என்று ஒரு வரி தேடிப் பார்த்தால் பாதிச் சண்டை மிச்சம்.

அடுத்தது யாரைக் கேட்கவில்லை என்பது. கேட்பவரின் உயிருக்கு ஆபத்துள்ள பகுதிகளை விட்டுவிடுவார்கள். உக்ரைனில் 2022-இல் செல்போனில் கேட்டார்கள். ரஷ்யா பிடித்த பகுதிகளில் அந்நாட்டு சிக்னல் இல்லாத இடங்கள் விட்டுப்போயின. எல்லை தாண்டி ஓடியவர்கள் 60 லட்சத்துக்கு மேல். அவர்கள் உக்ரைன் கணக்கில் இல்லை. அதிகம் அடிபட்டவர்கள் வரிசையிலிருந்து விலகிவிட, மிச்சமிருப்பவர்களின் சராசரி இயல்பாகவே கொஞ்சம் உயர்ந்து தெரியும். இதற்கு நாம் கீவ் வரை போக வேண்டாம். வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களை எந்த நாட்டின் ஏணியில் நிறுத்துவது? 1983-இல் தொடங்கி 2009-இல் முடிந்த போர் அவர்களுடையது. இலங்கையில் கேட்பவர் அவர்கள் கதவைத் தட்ட முடியாது.

மூன்றாவது, பிழை எல்லை: எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் எண் எவ்வளவு தவறலாம் என்பது. 1000 பேர் பதிலில் பரவல் (சராசரியிலிருந்து பதில்கள் விலகும் அளவு, திட்ட விலக்கம்) சுமார் 2 படி என்று வைத்துக்கொண்டால், ஓராண்டு எண்ணில் கூட்டலோ கழித்தலோ 0.12 பிழை இருக்கும். மூன்றாண்டு சேர்ந்தால் 0.07. மாதிரி எடுக்கும் விதத்தால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். பட்டியலின் நடுவில் அடுத்தடுத்த நாடுகளுக்குள் வித்தியாசமே பல இடங்களில் இதைவிடக் குறைவு. ஆகவே 103-க்கும் 105-க்கும் நடுவே பொருள் தேடுவது வீண் வேலை. 2022-இல் 98-ஆக இருந்த உக்ரைன் 2023 பட்டியலில் 92-க்கு ‘முன்னேறியது’ என்று செய்தி போட்டார்களே, அதுவும் இந்த ரகம்.

ஆனாலும் அந்த முன்னேற்றத்தில் கொஞ்சம் உண்மை ஒளிந்திருந்தது. போர் தொடங்கிய 2022-இல் உக்ரைனில் முன்பின் தெரியாதவருக்கு உதவுவதும் தானம் கொடுப்பதும் கூடின. அரசின் மேல் நம்பிக்கையும் ஏறியது. ரஷ்யாவில் உதவும் பழக்கம் குறைந்தது. இது நமக்கு அந்நியமில்லை. டிசம்பர் 7 கொடி நாள் 1949 முதல் உண்டு. காகிதக் கொடியை ஊசியில் குத்திச் சட்டையில் மாட்டிக்கொண்டு, சில்லறையை வகுப்பு லீடரிடம் கொடுத்த தலைமுறைகள் நம் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கின்றன. போர் நடக்கும் ஆண்டில் உண்டியல் நிறையும். இரண்டு ஆண்டு கழித்து அதே வகுப்பில் அதே கொடியைத் தள்ளிவிடுவது லீடருக்குப் பெரும் பாடு. ஒன்றுபட்ட உணர்ச்சிக்கு ஆயுள் குறைவு, இழப்புக்கு அதிகம். சராசரி உயர்ந்து தெரியும் மாதங்களில் மகிழ்ந்துபோய், பிந்தி வரும் சரிவைக் கவனிக்காமல் விடுவதுதான் அரசுகள் வழக்கமாகச் செய்வது. துப்பாக்கி நின்றால் எல்லாம் சரியாகும் என்பதும் கிடையாது: ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் சண்டை ஓய்ந்தது, ஏணி மதிப்பு அதற்குப் பிறகு இன்னும் கீழே போனது. வெளிநாட்டுப் பணம் நின்றது, வேலை போனது, பெண்களுக்குப் பள்ளிக் கதவு மூடியது.

தூரத்துப் போர் நம் வீட்டுக்கு வரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022-இல் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதற்குக் காரணம், நாம் வாங்குவதில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஆம்பூர் ஷூ ஐரோப்பா போக ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதாயிற்று. பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல், வாடகையும் கூடுதல். சீசன் தவறிய ஷூவுக்கு வாங்குபவர் விலை குறைப்பார். அந்த அடி கடைசியில் ஓவர்டைம் போன தையல் பிரிவுப் பெண்ணின் சம்பளத்தில் விழும்.

வேலூர் மாவட்டத்துக்கு இதைவிட நேரடியான வழி ஒன்று உண்டு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு படையில் ஆள். காயம்பட்டுத் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வு போனவரைப் படுக்கைப்புண் வராமல் காக்க, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் நாற்காலியில் இருந்தால் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஒரு தடவை உடம்பைத் தூக்கி எடையை மாற்ற வேண்டும். தவறினால் முதலில் தோல் சிவக்கும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு என்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். காயம்பட்டவர் ஒருவர், தூக்கம் கெடுவது இருவருக்கு. கணக்கெடுப்பில் அந்த மனைவி ‘சாதாரணக் குடிமகள்’.

இறந்தவர் வீட்டில் மகிழ்ச்சி என்ற சொல்லைப் பேச முடியாது. ஆனால் நிம்மதி எவ்வளவு மிஞ்சும் என்பதைக் காகிதம் தீர்மானிக்கிறது. படைவீரர் பணிக்குச் சம்பந்தமில்லாமல் இறந்தால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் (தொடக்க ஆண்டுகளில் கூடுதல் விகிதம் உண்டு). பணியின் காரணமாக என்றால் சிறப்பு ஓய்வூதியம், 60 சதவீதம். எதிரியுடனோ தீவிரவாதியுடனோ மோதி இறந்தால் ‘லிபரலைஸ்டு’ என்ற தாராள ஓய்வூதியம், முழு ஊதியமும். ஒரே மரணம், எந்தப் பெட்டியில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கிடைக்கும். அந்த முடிவின் நகலைக் குடும்பம் கையில் வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். காரணம் தவறாக இருந்தால் மேல்முறையீடு உண்டு.

அதற்கு முன்பே சிக்குவது பார்ட் டூ ஆர்டர். கல்யாணம், குழந்தை, விவாகரத்து எதுவானாலும் படைப்பிரிவு இந்த உத்தரவில் பதிந்து ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டன், சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையினருக்குப் பெங்களூரு. லீவில் வந்து தாலி கட்டிவிட்டு அவசரமாகத் திரும்பியவர் பதியாமல் விட்டால், ராணுவத்தைப் பொறுத்தவரை அவர் பிரம்மச்சாரி. பதிந்தாலும் பெயர் இடிக்கும்: ஆதாரில் செல்வி, ரெக்கார்டில் செல்வியம்மாள், வங்கியில் கணவர் பெயரோடு சேர்த்து வேறொன்று. நம் பக்கத்து இன்ஷியலை வடக்கத்தி கிளார்க் விரித்து எழுதியதில் அப்பா பெயரும் மகன் பெயரும் இடம் மாறியிருக்கும். படைவீரர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் திருத்தலாம். பிறகு என்றால் வாரிசுச் சான்று, பிரமாணப் பத்திரம், தாசில்தார் அலுவலகம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதற்கு வழி சொல்லும். டிஸ்சார்ஜ் புக்கும் பிபிஓ (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகலும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு, ஊரில் ஓய்வூதியம் வாங்கும் அப்பாவோ அம்மாவோ இருந்தால், சிக்கும் இன்னொரு இடமும் உண்டு. ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ கணினி முறையில் வருகிறது; ஆண்டுக்கு ஒரு முறை உயிர்ச்சான்று பதிய வேண்டும். போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்துவிடலாம், ஆனால் ஓடிபி வரும். பல வீடுகளில் பதிந்திருக்கும் எண், மகன் துபாய்க்கோ லண்டனுக்கோ போகுமுன் வாங்கி, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்முடையது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது இரண்டு வேலை செய்யுங்கள்: அந்த எண்ணை அம்மா கையிலிருக்கும் போனுக்கு மாற்றுங்கள், சான்று காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் பேனாவால் எழுதி வையுங்கள்.