சரக்கு வந்தால்தான் வீடு எழும்பும்

காரைக்குடியில் ஆயா வீட்டு வளவில் அமர்ந்து ‘ஏ-டிரெயின்’ என்னும் ரயில் கணினி விளையாட்டை ஆடும்போதெல்லாம், பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து தூணாக நிற்கும் இந்த ஊரின் கதையே திரையில் ஓடுவதுபோல் தோன்றும். ஜப்பானின் ஆர்ட்டிங்க் நிறுவனம் 1985-இல் தொடங்கிய இத்தொடரில் தண்டவாளம் போட்டால் மட்டும் போதாது. ஆலையில் குவியும் கட்டுமானப் பொருளைச் சரக்கு ரயிலில் ஏற்றி, நிலையத்தருகே இறக்கிவைத்தால்தான் சுற்றிலும் வீடுகள் முளைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நேற்றிரவு ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் நகராமல் நின்றுவிட்டதால், நடுநிலையத்தில் இன்னொரு தடம் அமைத்து, சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கப் பயணிகள் வண்டி கடந்துசெல்லுமாறு நேரத்தைத் திருத்தினேன். சிறிது நேரத்தில் வயலோரத்தில் முதல் மாடிவீடு எழுந்தது.