மீன் எறிந்த கதை

பிக் மட்ச் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழு கேட்டது. போன மலரிலும் அதுதான், அதற்கு முந்தியதிலும் அதுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் சென்ட்ரல் கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய கிரிக்கெட் மட்ச்சைப் பற்றி என்னைவிட மூத்த எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், அவர்களின் ஞாபகமும் என்னுடையதைவிடச் சுத்தம். ஆகவே நான் வேறொரு மட்ச்சைப் பற்றி எழுதுகிறேன். கிரிக்கெட் அல்ல, ஐஸ் ஹொக்கி. நாங்கள் வளர்ந்த ஊரில் ஐஸ் என்றால் ஒன்றில் ஐஸ்பழம், இல்லாவிட்டால் மீன் பெட்டி. இந்தக் கதையிலும் மீன் வரும்.

பேராதனையில் விவசாயம் படித்து முடித்து, 2008இல் மேற்படிப்புக்கு கோர்னெல் பல்கலைக்கழகம் போனேன். நியூயோர்க் மாநிலம்தான், ஆனால் பெரிய நகரத்திலிருந்து காரில் நாலு மணித்தியாலத்துக்கு மேல். இதாகா என்று ஒரு சின்ன ஊர். கீழே கயூகா ஏரி, மேலே மலையில் பல்கலைக்கழகம். நவம்பரில் இருட்டத் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் மனிதனுக்குப் போக்கிடம் கிடையாது. ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த அமெரிக்கப் பெடியன் ஒருவன்தான் என்னை முதலில் லைனா ரிங்குக்கு இழுத்துக்கொண்டு போனான்.

லைனா 1957இல் திறந்த ஐஸ் அரங்கம். நாலாயிரம் பேர் சொச்சம் கொள்ளும். பெரிய இடமில்லை, அதனால்தான் அந்தச் சத்தம். மாணவர் பக்கத்தில் கதிரை இருந்தும் ஒருவரும் உட்காருவதில்லை. 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட், முழுக்க நின்றபடிதான். பி பகுதியில் ஒருவர் மாட்டு மணி அடிப்பார், மற்றவர்கள் அதற்குத் தாளம் போடுவார்கள். எதிரணியின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது அத்தனை பேரும் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, எங்களுக்கு உங்களில் அக்கறையே இல்லை என்று காட்டுவார்கள். பிறகு அதே பத்திரிகையைக் கசக்கி எறிவார்கள். நாங்கள் கோல் போட்டால் எதிர்க் கோல் காப்பாளரை விரலால் சுட்டி ‘சல்லடை, சல்லடை’ என்று ஒரே குரலில் கத்துவார்கள், எல்லாம் உன் பிழை என்றும் சொல்லுவார்கள். விளையாட்டு விதிகள் எனக்கு விளங்க முதலே இதெல்லாம் விளங்கிவிட்டது. கோட்டைப் பக்கத்துக் கிரவுண்டில் பாண்ட் வாத்தியத்தோடும் கொடியோடும் வளர்ந்தவனுக்கு இதை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஹார்வர்ட் வருகிற வார இறுதி வேறு மாதிரி. நான் இருந்த காலத்தில் எங்கள் கல்லூரி ஹொக்கிப் பிரிவில் அணிகள் சோடியாகப் பயணம் செய்யும். ஹார்வர்டும் டார்ட்மத்தும் ஒன்றாக வெளிக்கிட்டு, ஒருநாள் எங்களோடும் மறுநாள் பக்கத்து ஊர் கோல்கேட்டோடும் ஆடுவார்கள், அடுத்தடுத்த இரண்டு இரவும் மட்ச். டார்ட்மத் மட்ச்சுக்கும் சனம் வரும், ஆனால் மீன் வராது.

மீனின் பூர்வீகம் இது. கோர்னெலில் விவசாயக் கல்லூரி இருப்பதால் ஹார்வர்ட்காரர் எங்களை மாட்டுக் கல்லூரி என்று நக்கல் அடிப்பார்கள். 1973இல் அவர்களுடைய ரிங்கில் யாரோ ஒரு கோழியை கோர்னெல் கோல் காப்பாளரை நோக்கி எறிந்தார்கள். அடுத்த தடவை ஹார்வர்ட் இதாகாவுக்கு வந்தபோது, பொஸ்ரன் கடற்கரை ஆட்களுக்கு ஏற்ற மாதிரி மீனால் மறுமொழி கொடுத்தார்களாம். அன்றிலிருந்து ஹார்வர்ட் அணி ஐஸில் இறங்கும்போது மீன் மழைதான். வாசலில் பையைச் சோதிப்பார்கள். மீன் கோட்டுக்குள், காற்சட்டைக்குள், எங்கெங்கோ ஒளிந்து உள்ளே போகும். மட்ச் தொடங்கிய பிறகும் எறிந்தால் எங்கள் அணிக்குத்தான் இரண்டு நிமிடத் தண்டனை என்று ஒலிபெருக்கியில் கெஞ்சுவார்கள். நான் மண்ணையும் பயிரையும் படிக்கப் போனவன். அந்தக் கோழி என் பீடத்துக்கு எறிந்த கோழி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு முறை ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவிலிருந்து என் பெரியப்பாவின் மகனைக் கூப்பிட்டேன். அண்ணை சென் ஜோன்ஸ். (எங்கள் குடும்பம் அப்படித்தான், பாதி அங்கே, பாதி இங்கே. பிக் மட்ச் வருகிற மார்ச் மாதத்தில் சாப்பாட்டு மேசையில் கதை பேச்சு இராது.) முதல் மீன் விழுந்ததும் அண்ணை என் தோளைப் பிடித்துவிட்டார்.

“டேய், உவங்களுக்கு விசரே? நல்ல மீனெல்லோ!”

“ஹார்வர்ட்காரருக்கு, அண்ணை.”

“குழம்பு வைச்சுக் குடுத்திருக்கலாமே.”

இரண்டாம் பீரியடில் அண்ணையும் சல்லடை என்று கத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் சுவரில் தொங்கிய கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1967, 1970 ஆண்டுகளின் தேசியச் சம்பியன் கொடிகள். 1970இல் நெட் ஹார்க்னஸ் பயிற்றுவித்த அணி 29 மட்ச்சும் வென்றது, ஒரு தோல்வியோ சமநிலையோ கிடையாது. அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியில் அப்படி வேறொரு சம்பியன் அணி இல்லை. 1967 அணியின் கோல் காப்பாளர் கென் டிரைடன் என்றதும் அண்ணைக்கு முகம் மலர்ந்தது. ரொறன்ரோக்காரருக்கு அவரைச் சொல்லத் தேவையில்லை. மொன்றியல் ஹொக்கி அணிக்கு ஆறு ஸ்டான்லி கிண்ணம், பிறகு யோர்க் சென்ரர் எம்.பி., போல் மார்ட்டின் அரசில் அமைச்சர். 2025இல் காலமானார். “இவர் உங்கட ஆளோ?” என்று அண்ணை கேட்ட விதத்தில் ஒரு பொறாமை இருந்தது. நான் அதை இரசித்தேன்.

அடுத்த பருவத்தில் இருவரும் பொஸ்ரனுக்கே போனோம். ஹார்வர்டின் பிரைட் அரங்கத்தில் பார்த்தால் முக்கால்வாசி எங்கள் சிவப்புச் சட்டை. அந்த அரங்கத்துக்கு கோர்னெல்காரர் வைத்த பட்டப்பெயரே கிழக்கு லைனா. பக்கத்தில் இருந்த ஹார்வர்ட் மாணவனிடம், உங்களுக்கு இந்த மட்ச் எவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். நல்ல மட்ச்தான் என்றான், மரியாதையாக. ஆனால் அவர்களுக்குப் பீன்பொட்தான் பெரிது. பெப்ரவரியின் முதல் இரண்டு திங்களும் பொஸ்ரன் பகுதியின் நாலு பல்கலைக்கழகங்கள் மோதுகிற போட்டி அது. அப்புறம் யேல். கோர்னெல் அதற்குப் பிறகு எங்கேயோ.

அண்ணை வெளியே வந்து சிரித்தார். “நீங்கள் இவ்வளவு காலமாய் மீன் எறியிறியள், அவைக்கு நாத்தம் மட்டும்தான் ஞாபகம் போல.”

ஒருதலைக் காதல் கேள்விப்பட்டிருக்கிறோம், இது ஒருதலைப் பகை. சென்ட்ரலுக்கும் சென் ஜோன்ஸுக்கும் இடையில் அப்படி நடக்க வழியே இல்லை. சென் ஜோன்ஸ் இருக்கிற சுண்டிக்குளியிலிருந்து எங்கள் வாசலுக்குச் சைக்கிளில் கொஞ்ச நேரம். ரியூசனில் ஒரே வாங்கில் இருந்தவர்கள், கலியாணம் செய்தால் மச்சான் ஆகிறவர்கள். போர்க்காலத்தில் மட்ச் நடக்காமல் போன வருடங்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏங்கியது. இதாகாவில் மலைமேல் தனியாக இருந்துகொண்டு, தன்னைச் சரியாகத் திரும்பிப் பார்க்காத ஒருவனோடு சண்டை பிடிக்கிறார்கள். அதற்காக அந்தச் சண்டை பொய் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லப்போனால், மறுமொழி வராத இடத்தில்தான் சத்தம் இன்னும் கூடுகிறது. எதிரி கண்டுகொள்ளாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கிறதே. அந்தக் குளிரில் எனக்குக் கூட்டாளிகள் கிடைத்தது வகுப்பறையில் அல்ல, அந்தப் பத்திரிகைகளுக்குப் பின்னால்தான்.

2010 மார்ச்சில் அல்பனியில் நடந்த இறுதிப் போட்டியில் யூனியன் கல்லூரியை 3–0 என வென்று பிரிவுக் கிண்ணம் எடுத்தோம். கோலில் நின்ற பென் ஸ்கிரிவென்ஸ் பிறகு ரொறன்ரோவின் ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸுக்கு வந்தார். அதற்கப்புறம் அண்ணை என்னிடம் நக்கல் கதைப்பது குறைந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: ரொறன்ரோவிலிருந்து கார் ஓட்டம் நாலு நாலரை மணித்தியாலம், எல்லையில் சனம் இல்லாவிட்டால். ஹார்வர்ட் மட்ச்சுக்கு ரிக்கெற் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பாருங்கள். உள்ளே குளிரும், தடித்த காலுறை போடுங்கள். மீனை இங்கிருந்து கொண்டு போக வேண்டாம், எல்லையில் விளக்கம் சொல்ல ஏலாது. இதாகாவிலேயே கடை இருக்கிறது.