745 சதுர அடி

அப்பா அம்மாவுக்காக வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இங்கே கலிஃபோர்னியாவில் இதை ஏடியூ என்பார்கள், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பின்கட்டு. வருடத்தில் ஆறு மாதம் இருவரும் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருப்பார்கள். அப்பா இப்போது வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார், எங்கள் படுக்கையறைகள் எல்லாம் மாடியில், கீழே ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

முதலில் வரைந்த பிளான் 820 சதுர அடி. இரண்டு அறை, சமையலறை, வாக்கரோடு உள்ளே போய்த் திரும்பி வருகிற அளவுக்கு அகலமான குளியலறை. வரைந்து கொடுத்தவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "இதை 750க்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், இம்பாக்ட் ஃபீ போய்விடும்" என்றார். அன்று வரைக்கும் அந்த வார்த்தையை நான் காதில்கூட வாங்கியதில்லை. அன்றிரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை.

சரி, விஷயம் இதுதான். ஊரில் புதிதாக ஒரு வீடு வந்தால் சாலையில் இரண்டு கார் கூடும், சாக்கடையில் தண்ணீர் கூடும், பள்ளியில் ஒரு பிள்ளை கூடும், பூங்காவில் கூட்டம் கூடும். அதற்கெல்லாம் ஆகிற செலவில் உன் பங்கை வீடு கட்டும்போதே ஒரே தடவையாகக் கொடு என்று நகராட்சி கேட்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, "நம்ம ஊர்லயும் பிளான் அப்ரூவலுக்கு டெவலப்மெண்ட் சார்ஜ் கட்டினோமேப்பா" என்றார். உண்மைதான், ஆனால் இங்கே தொகை வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருக்கிற டெர்னர் மையம் 2018இல் ஏழு நகரங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஒரு தனி வீட்டுக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்து சாக்ரமெண்டோவில் 21,000 டாலர், ஃப்ரீமாண்ட்டில் 157,000 டாலர். ஒரு மாநிலம், ஒரே சட்டம், ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஏன் இப்படி ஆனது என்று தேடினால் எல்லாப் பாதையும் 1978க்குத்தான் போகிறது. அந்த வருடம் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் பிரேரணை சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்தியது, அந்த மதிப்பும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறினாலோ புதிதாக எதையாவது கட்டினாலோதான் புது மதிப்பு. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை இழந்துவிடுவார்களோ என்கிற பயம் அன்றைக்கு நிஜமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நகராட்சிகளின் வருமானம் ஒரேயடியாகச் சரிந்தது, புது வரி போடுவதும் கடினமாகிவிட்டது. சாலைக்கும் பூங்காவுக்கும் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. ஏற்கெனவே குடியிருப்பவர் நகரமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவார், இனிமேல் குடிவரப் போகிறவர் இன்னும் ஊருக்கே வரவில்லை. யாரிடம் கேட்பது சுலபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்டபடி வசூலிக்க முடியாது, அதற்குச் சட்டம் இருக்கிறது. 1987இல் நிறைவேறிய சட்டப்படி எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும், புதுக் கட்டடத்துக்கும் அந்தச் செலவுக்கும் நியாயமான தொடர்பு காட்ட வேண்டும், பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். செலவழிக்காமல் வைத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அது ஏன் இன்னும் தேவை என்று எழுத்தில் சொல்ல வேண்டும், தவறினால் திருப்பித் தரவேண்டும். பழைய குறையைச் சரிசெய்யும் செலவைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டக் கூடாது. படிக்க நன்றாகவே இருக்கிறது.

நடைமுறை வேறு. இதே மாநிலத்தில் எல்டொராடோ கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒருவர் தன் நிலத்தில் வைக்க, ஆலையில் செய்து கொண்டுவருகிற சுமார் 1,800 சதுர அடி வீட்டுக்கு அனுமதி கேட்டார். போக்குவரத்துக்கு மட்டும் 23,420 டாலர் கேட்டார்கள். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். இந்த ஒரு வீட்டால் எவ்வளவு நெரிசல் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை, வீட்டு வகை இது, ஏரியா இது என்று அட்டவணையில் இருந்த தொகையைப் போட்டுவிட்டார்கள் என்பது அவர் வாதம். 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், சட்டமியற்றும் அவை போட்ட கட்டணம் என்பதாலேயே அது நியாயமானதா என்கிற சோதனைக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது என்றார்கள். கட்டணமே தப்பு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டுமா என்கிற முக்கியமான கேள்வியையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பின்கட்டுக்கு வருவோம். 2019இல் வந்த மாநிலச் சட்டம் 750 சதுர அடிக்குக் குறைவான ஏடியூவுக்கு நகராட்சி இம்பாக்ட் ஃபீ வாங்கக் கூடாது என்கிறது. அதைத் தாண்டினால் பெரிய வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி வாங்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேப்பரில் போட்டுப் பாருங்கள். எங்கள் வீடு 1,640 சதுர அடி, அதில் 820 என்பது பாதி, அதனால் ஒரு முழு வீட்டுக்கான கட்டணத்தில் பாதி. இதே 820 சதுர அடியை 3,280 சதுர அடி வீடு வைத்திருப்பவர் கட்டினால் கால் பங்குதான். அதே அறைகள், அதே குழாய், அதே இரண்டு கிழவர்கள். சின்ன வீட்டுக்காரருக்கு அதிகம், பெரிய வீட்டுக்காரருக்குக் குறைவு. இதை முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன்.

அதனால் 75 சதுர அடியை வெட்டினோம். குளியலறையைத் தொடவில்லை, இரண்டாவது அறை சுருங்கியது, அம்மா சாமி படம் வைக்க நினைத்திருந்த மூலை போனது. இப்போது 745. பள்ளிக் கட்டடங்களுக்காக வாங்குகிற கட்டணம் தனி, 500 சதுர அடி தாண்டினால் அதை வாங்கலாம். 2024இல் மாநிலம் வைத்த அடிப்படை உச்சவரம்பு சதுர அடிக்கு 5.17 டாலர், அந்த விலையில் எங்களுக்கு 3,850 டாலர் சொச்சம். எழுபத்தெட்டும் எழுபத்து மூன்றும் வயதான இருவர் பள்ளிக்கூடத்தில் சேரப்போவதில்லை, இருந்தாலும் அதைக் கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை, நாளைக்கு அந்த வீட்டில் ஒரு குழந்தை வளரலாம்.

கட்டணமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா தினமும் காலையில் மெதுவாக ஒரு சுற்று வருகிற பூங்கா, எங்கள் தெருக்களை மனைகளாகப் பிரித்தபோது பில்டரிடமிருந்து வாங்கிய நிலம். 1965இலிருந்து அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, ஆயிரம் பேருக்கு மூன்று ஏக்கர் என்கிற கணக்கில் நிலமாகவோ பணமாகவோ வாங்கலாம். அது இல்லையென்றால் அந்த இடத்திலும் வீடுதான் இருந்திருக்கும்.

எனக்குப் பொறுக்காதது வேறு. வீட்டின் அளவைப் பார்க்காமல் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் பில்டர் சின்ன வீடு கட்டவே மாட்டார், அதே தொகை கட்டத்தானே வேண்டும், பெரிதாகக் கட்டிப் பெரிய விலைக்கு விற்பார். முதல் வீடு வாங்க வருகிற இளம் ஜோடிக்கு வேண்டியது அந்தச் சின்ன வீடுதான். 2021இல் வந்த சட்டம் இதைத் திருத்தப் பார்க்கிறது, கட்டணத்தை முடிவுசெய்ய நகராட்சிகள் 2022 ஜூலைக்குப் பிறகு செய்கிற ஆய்வுகளில் கட்டணத்தைப் பரப்பளவுக்கு ஏற்றபடி வைக்கச் சொல்கிறது. 2024இல் வந்த இன்னொன்று, சில வகை வீட்டுத் திட்டங்களுக்குக் கட்டணத்தை அஸ்திவாரம் போடும் முன்பே கேட்காமல், குடிபோகிற சமயத்தில் வாங்கச் சொல்கிறது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் பழைய ஆய்வை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிற ஊர்களில் பரப்பளவு விஷயத்தில் எதுவும் மாறவில்லை, எங்கள் ஊரும் அப்படித்தான்.

அடுத்த மாதம் நகரமன்றத்தில் கட்டண அட்டவணையை எடுக்கிறார்கள். பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். நான் போகிறேன், 1,640, 3,280 கணக்கை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விகிதக் கணக்கு மாநிலச் சட்டம், அதை அவர்களால் மாற்ற முடியாது, ஆனால் 1,000 சதுர அடி வரைக்கும் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க முடியும். அதைக் கேட்கப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்றார், அந்தக் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், இருக்கிறது.