ஐம்பதைக் கடந்த எச்.ஐ.வி. நோயாளிகள்: ஓர் ஆய்வு மானியம் கைக்கு வந்த கதை

எச்.ஐ.வி.யோடு வாழ்ந்து ஐம்பது வயதைக் கடந்தவர்களின் உடல்நலத்தை ஆராய நிதி கேட்டுப் போனால், இது எந்தப் பிரிவின் வேலை என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. நான் விண்ணப்பித்த நிறுவனத்தின் தொற்றுநோய்ப் பிரிவினர், இதயம், எலும்பு, சிறுநீரகம், ஞாபகமறதி என்று போகிறதே, தொற்றா நோய்ப் பிரிவில் கேளுங்கள் என்றார்கள். அங்கே, எச்.ஐ.வி.க்குத் தனி நிதி இருக்கும்போது எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்றார்கள். முதியோர் நலத்தைப் பார்ப்பவர்களுக்கோ அறுபது வயதுதான் தொடக்கம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டமும், 2010-இல் வந்த தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டமும் அந்த எல்லையையே வைத்திருக்கின்றன. இந்தப் பிரிவுகளுக்கு நடுவில் விழுந்துவிடாதபடி கருத்துருவை எழுதுவதே இந்த வேலையின் பாதி என்று இப்போது சொல்வேன்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் அவசரம் என்பதற்கு நான் சுற்றி வளைக்கவில்லை. இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று, தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. அன்று முப்பத்தைந்து வயதில் மருந்து தொடங்கி உயிர் பிழைத்தவர் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறார். நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களைச் சாகாமல் காப்பாற்றிய திட்டத்துக்கு, அவர்கள் முதுமை அடைந்தால் என்ன செய்வது என்பதற்கான நம் நாட்டுத் தரவு மிகக் குறைவாகவே இருக்கிறது. 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு, எச்.ஐ.வி.யோடு வாழும் 7,769 பேரைச் சேர்த்து, கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை இதயநோய் நிகழ்வுகளை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைப்பதைக் காட்டியது. அதில் இந்திய நோயாளிகளும் இருந்தார்கள். அந்த ஆய்வை முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டதால், முதுமை ஆய்வு வெறும் கணக்கெடுப்பாக நின்றுவிடாது, மருந்துச் சீட்டை மாற்றும் என்பதை விளக்க எனக்குத் தனியாக ஒரு பத்தி தேவைப்படவில்லை.

விண்ணப்பத்தைப் பரிசீலித்த வல்லுநர் குழு கேட்டவற்றில் மிக நியாயமான கேள்வி இதுதான்: நீங்கள் காணப்போகும் தளர்ச்சி வயதால் வந்ததா, கிருமியால் வந்ததா, பழைய மருந்துகளால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? 2004-இல் மருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போன பிறகே தொடங்கினார்கள்; எல்லோருக்கும் உடனடிச் சிகிச்சை என்ற கொள்கை 2017-இல்தான் வந்தது. ஆகவே வயது ஒன்றேயானாலும், இருவரின் உடல் கடந்துவந்த பாதை ஒன்றல்ல. விண்ணப்பத்தில் ஒரு நோயாளியின் சிகிச்சைப் பதிவான வெள்ளை அட்டையில் இருந்த மருந்து வரிசையை, பெயரையும் எண்ணையும் நீக்கி, அப்படியே படமாக இணைத்தோம். முதலில் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். பிறகு ஸ்டாவுடினுக்குப் பதில் ஜிடோவுடின். அதன்பின் டெனோஃபோவிர், எஃபாவிரென்ஸ். 2020-க்குப் பிறகு டோலுடெக்ராவிர். கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போவது ஸ்டாவுடினின் தழும்பு. எலும்பிலும் சிறுநீரகத்திலும் டெனோஃபோவிர் தன் கணக்கை எழுதும். டோலுடெக்ராவிரோடு உடல் எடை கூடுகிறது. பக்கம் பக்கமாக எழுதி விளங்க வைக்க முடியாததை, நான்கு பேர் கையெழுத்தில், நான்கு நிற மையில் இருந்த அந்த ஒற்றை அட்டை விளங்க வைத்தது. அட்டைகளை வரிவரியாகப் படித்துக் கணினியில் ஏற்ற ஓர் ஆய்வு உதவியாளர் தேவை என்பதை அதன்பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒப்பீட்டுக் குழுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. எச்.ஐ.வி. இல்லாத, அதே வயதுடைய, அதே பொருளாதார நிலையில் உள்ளவர்கள் வேண்டும். நோயாளிகளின் உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்தால் கணக்குச் சரியாக அமையும். ஆனால் எந்த ஆய்வுக்காக அழைக்கிறோம் என்று சொன்ன நொடியில் நோயாளியின் நிலை வெளிப்பட்டுவிடும். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, அப்படி வெளிப்படுத்துவது சட்டத்துக்கே விரோதம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்திருக்க மாட்டோம் என்பது வேறு. கடைசியில், அதே மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளிகளில் இருந்து ஆட்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். அவர்களும் ஏதோ ஒரு நோய்க்காக வந்தவர்களே என்பதால் ஒப்பீடு சற்றுச் சாயும் என்பதை வெளிப்படையாகவே எழுதினோம். அவர்களுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தாக வேண்டும். அதற்குத் தனி ஒப்புதல், முன்னும் பின்னும் ஆலோசனை, ஒருவேளை தொற்று தெரியவந்தால் எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் சேர்க்கும் வழி என்று எல்லாவற்றுக்கும் ஆளும் நேரமும் வேண்டும். நிறுவன நன்னெறிக் குழு அதிக நேரம் செலவிட்டதும் இந்த ஒரு பக்கத்தின் மீதுதான்.

வயது எல்லையை ஐம்பதாக வைத்ததற்குப் பெரிய சண்டை ஏதும் வரவில்லை. உலக அளவில் எச்.ஐ.வி. ஆய்வுகள் பின்பற்றும் எல்லை அது என்று எழுதி, அறுபதைக் கடந்தவர்களைத் தனி அடுக்காகவும் பகுப்போம் என்று சேர்த்ததும் எச்.ஐ.வி. தரப்பும் முதியோர் நலத் தரப்பும் ஒத்துக்கொண்டன. தளர்ச்சியைக் காட்டும் அளவுகளில் ஒன்றான கைப்பிடி வலுவுக்கு அமெரிக்க முதியவர்களை அளந்து உருவான வரம்புகளை ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார்; ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்ற 2019-ஆம் ஆண்டின் ஆசிய வரம்புகளையும் சேர்த்துக்கொண்டோம்.

வரவுசெலவுத் திட்டத்தில் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக் கட்டணம் தப்பித்தது. நோயாளிகளின் பயணப்படி வெட்டப்பட்டது. மாத்திரை வாங்க எப்படியும் வருகிறவர்கள்தானே என்பது காரணம். நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு இரண்டு, மூன்று மாத மருந்தைச் சேர்த்தே கொடுப்பதால் அவர்கள் முன்போல் மாதந்தோறும் வருவதில்லை. மேலும், சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சி, பக்கத்து மையத்தை விட்டு இரண்டு மாவட்டம் தள்ளி வருகிறவர்கள் எங்களிடம் பலர். கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்போம். அதிகாலை முதல் பேருந்தைப் பிடித்து, பதினொரு மணிக்கு இறங்கும்போது, வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டேன் சார், மயக்கமாக வந்தது என்பார்கள். அறுபது வயதுக்காரரை அதற்காகக் கடிந்துகொள்ள முடியுமா? முந்தைய நாள் இரவே வந்து தங்குவதற்கும், ரத்தம் எடுத்தபின் காலை உணவுக்கும், உடன் வரும் ஒருவருக்கும் பணம் வேண்டும் என்று மறுபடியும் எழுதினோம். முழுவதும் கிடைக்கவில்லை; பயணப்படியும் உணவும் கிடைத்தன, தங்கும் செலவு கிடைக்கவில்லை.

அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து அவர்களுடைய தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் விண்ணப்பிக்கவும் ஒரு வழி இருந்தது. வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு நம் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கே நெடுநாள் ஆகும். 2025 மே மாதம், அந்த நிறுவனம் அடங்கிய அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், அமெரிக்க மானியத்தில் இருந்து வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துத் தரும் துணை மானியங்களைப் பழைய முறையில் புதிதாக வழங்குவதை நிறுத்தியதும், உள்நாட்டு நிதியை மட்டும் நம்புவது என்று தீர்மானித்தோம்.

மானிய ஆணை வந்த பின்னும் வேலை தொடங்கிவிடவில்லை. ஏஆர்டி மையத்தின் பதிவேடுகளைத் தொட மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் ஒப்புதல், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இரண்டும் தேவை. முன்னது இல்லாமல் பின்னது நகராது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே இந்தக் கடிதங்களைத் தொடங்கிவிட்டதால்தான் முதல் தவணைப் பணம் மார்ச் 31-க்குள் ஓரளவாவது செலவானது. செலவாகாத பணத்தைக் கணக்குக் காட்டித் திருப்ப வேண்டியிருக்கும். பயன்பாட்டுச் சான்றிதழான 12-ஏ படிவத்தில் தணிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் இரண்டாம் தவணை வராது. இப்போது அந்தப் படிவம் கணக்குப் பிரிவில் இருக்கிறது. கைப்பிடி வலு அளக்கும் கருவியைச் சாதனச் செலவில் காட்டுவதா, நுகர்பொருள் செலவில் காட்டுவதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.