லக்னம் இல்லாத ஜாதகம்

திருவான்மியூரில் பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் "சோழமண்டலம் வந்தா சொல்லுங்கண்ணே" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் மறந்துவிட்டார், நானும் ஜன்னலோரம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கி, காதை உரசிக்கொண்டு கார்கள் பறக்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் அத்தையும் நானும் திரும்பி நடந்தோம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தையிடம் சோழமண்டலத்தை "ஓவியர்கள் கிராமம்" என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் மனதில் எந்த ஊர் இருந்ததோ, "குளம் இருக்குமாடா?" என்று வழியில் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

குளம் இல்லை. மர நிழலில் கருங்கல் சிற்பங்கள், ஒரு மியூசியம், அந்தப் பக்கம் ஓவியர்களின் வீடுகள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் இதைத் தொடங்கியபோது இந்தச் சாலையே இப்படி இல்லை. மணலும் சவுக்குத்தோப்பும் ஓலைக் குடிசையும்தான். பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். படிப்பை முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, அப்படியே வரைவதை மறந்துவிடுகிறார்களே என்பது அவருடைய கவலை.

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கைத்தொழில். துணியில் பாத்திக் போட்டு விற்றார்கள். அதில் வந்த காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். அத்தைக்கு ஓவியத்தைவிட இது சட்டென்று பிடித்துப்போனது. அவளிடமே ஒரு பழைய பாத்திக் போர்வை இருக்கிறது. உருகின மெழுகைத் துணியில் கோடாக இழுத்துவிட்டுச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் சுடுதண்ணீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். ஆனால் துணியைக் கசக்கும்போது மெழுகு விரிசல் விடும், அந்த விரிசல் வழியாகச் சாயம் நுழைந்து நரம்பு மாதிரி ஓடும். எங்கே ஓடும் என்று போடுகிறவருக்கே தெரியாது. அத்தையின் போர்வையில் அப்படி ஒரு நரம்பு மயிலின் கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதைக் கறை என்று நினைத்துப் பல வருஷம் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

மயில் போட்ட துணி விற்றுவிடும். அதனால் சுவரில் மாட்டுகிற படம் யாருக்கும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் புரிந்துகொண்ட சோழமண்டலக் கணக்கு இதுதான்.

மியூசியம் 2009-இல் வந்தது. உள்ளே பணிக்கரின் படங்கள் முன்னால்தான் எங்களுக்கு நேரம் போனது. ஆரம்பத்தில் அவர் கேரளத்துத் தென்னையையும் காயலையும் நீர்வண்ணத்தில் அழகாக வரைந்தவர். அப்படியே தொடர்ந்திருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். 1963-வாக்கில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்த அந்தப் பக்கத்திலிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை பிறந்தது. மலையாளம் மாதிரி, தமிழ் மாதிரி, ஆனால் எதுவுமே இல்லாத எழுத்துகள். ஜாதகத்தில் இருக்கிற மாதிரிக் கட்டங்கள். நடுவில் ஒரு மீன், ஒரு பறவை.

எங்கள் குடும்பத்தில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது அத்தைதான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு கட்டத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"லக்னமே போடலையேடா."

"அது ஜாதகம் இல்ல அத்தை."

"பின்ன எதுக்குக் கட்டம்?"

நான் பதில் சொல்வதற்குள் விரலைக் காற்றில் வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டு தேறவில்லை. தள்ளி நின்று பார்த்தாள், கிட்டே போனாள். பக்கத்தில் ஓடுகிற பொடி எழுத்தை உதட்டைக் குவித்து எழுத்துக்கூட்டக்கூடப் பார்த்தாள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க நமக்குத் தெரியாது. படிக்க முடியாத எழுத்தை எதிரே வைத்தால் கண்ணுக்கு வேறு வழியில்லை. எந்தக் கோடு அழுத்தம், எது அவசரம், எந்த மஞ்சள் பழைய ஓலையின் மஞ்சள் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இளம் வயதில் பணிக்கர் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். தந்தியில் செய்தி அனுப்புகிற அந்தப் புள்ளியும் கோடும் அவ்வளவு காலம் கழித்துக் கேன்வாஸில் வந்து இறங்கினவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, என் கற்பனைதான்.

ஒரு குறையும் உண்டு. இவர்கள் நடத்திய 'ஆர்ட்ரெண்ட்ஸ்' பத்திரிகை ஆங்கிலத்தில்தான் வந்தது. ஓலைச்சுவடியிலிருந்தும் ஜாதகக் கட்டத்திலிருந்தும் எடுத்த ஒன்றைப் பற்றி, அந்தக் கட்டத்தைத் தினமும் போடுகிறவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லியிருக்கலாம். சாலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது பல வருஷம் "யாரோ படம் போடுறவங்க இடம்" என்றுதானே இருந்திருக்கும்?

பணிக்கர் 1977-இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் இங்கே இருக்கின்றன. அவற்றை அவசரமாகத்தான் பார்த்தேன். அத்தைக்குக் கால் வலி.

வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். பஸ்ஸுக்காகச் சாலையைக் கடக்கவே பத்து நிமிஷம் ஆனது. ஏறி உட்கார்ந்த பிறகு அத்தை கேட்டாள்: "அந்த மீன் எந்தப் பக்கம் பார்த்துண்டு இருந்தது, இடமா வலமா?"

நான் இடம் என்றேன். "இல்லவே இல்லை" என்றாள். திருவான்மியூர் வரை அந்தச் சண்டை ஓயவில்லை.